கோர்ஸ்மேட் இறந்துவிட்டால் என்ன செய்வது? பரங்கிமலையில் பயிற்சி பெற்றவர்களுக்கு

சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963-ல் தொடங்கியது. முதல் சில கோர்ஸ்களில் படித்தவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. என் கோர்ஸ் அவ்வளவு பழையதில்லை. ஆனாலும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்தி குவிந்து கிடந்தால் திறக்கவே கை தயங்குகிறது. இதுவரை கோர்ஸ்மேட்கள், அதாவது எங்களோடு ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், நான்கு பேரை வழியனுப்பியிருக்கிறோம். முதல் தடவை எல்லாமே சொதப்பல். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உயிரோடு இருக்கும்போதே ஒரு தாள்

ஆளுக்கு ஒரு பக்கம் போதும். பெயர், ராணுவ எண் (நம்மில் பெரும்பாலோர் ஷார்ட் சர்வீஸ், அதாவது குறுகிய காலப் பணி, அதனால் எஸ்.எஸ். என்று தொடங்கும்), யூனிட் (படைப்பிரிவு), சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, முன்னாள் படைவீரர் அட்டை எண். ஓய்வூதியம் வாங்குபவர் என்றால் பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண்ணும் வேண்டும். பிறகு மூன்று கேள்வி: எரிப்பதா, புதைப்பதா? எந்த ஊரில்? யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும்?

'எரிப்பதா புதைப்பதா' என்று ஒருவரிடம் கேட்க வாய் வராதுதான். நாங்கள் சனிக்கிழமை சந்திப்பு ஒன்றில் சாப்பாட்டுக்கு அப்புறம் தாளை நீட்டினோம். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஆகவே படிவத்தில் 'மனைவி பெயர்' என்று அச்சடிக்காதீர்கள். எங்கள் முதல் படிவத்தில் அப்படித்தான் இருந்தது, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

2. செய்தி வந்த முதல் ஒரு மணி நேரம்

இரண்டே பேர் பொறுப்பெடுங்கள். ஒருவர் வீட்டில் இருக்கட்டும், இன்னொருவர் போனில். மற்றவர்கள் வீட்டாரை அழைத்து "எப்படி ஆச்சு?" என்று கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி.

வீட்டிலேயே இறந்திருந்தால், கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்க வேண்டும். அது 4ஏ படிவம். மருத்துவமனை என்றால் அவர்களே படிவம் 4 தருவார்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் பெயரின் எழுத்து, ராணுவ ஆவணத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். இனிஷியல் ஒன்று மாறினாலும் குடும்பம் பல மாதம் அலைய வேண்டியிருக்கும்.

3. ராணுவ மரியாதை

இது தானாக வந்துவிடாது, கேட்டால்தான். அருகிலுள்ள ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸுக்கு, அதாவது அந்தப் பகுதி ராணுவ நிலையத்தின் அலுவலகத்துக்கு, சொல்லுங்கள். சென்னை என்றால் தீவுத்திடலில் ராணுவத்தின் தக்ஷின் பாரத் ஏரியா தலைமையகம் இருக்கிறது. அவருடைய ரெஜிமெண்டுக்கும் தனியாகத் தெரிவியுங்கள். மலர்வளையமா, பியூகிள் என்னும் ஊதுகுழலில் வாசிக்கும் லாஸ்ட் போஸ்ட் அஞ்சலி இசையா, எது கிடைக்கும் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். கிடைக்கும் என்று வீட்டாருக்கு நீங்களாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது கொடி. முதல் தடவை நாங்கள் கடையில் ஒரு தேசியக் கொடி வாங்கிக்கொண்டு போய்விட்டோம். உடலின் மேல் போர்த்த விரித்தபோது, ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர் ஒருவர் அருகில் வந்து காதோடு சொன்னார்: "சாப், இது அரசு மரியாதை இல்லை. கொடி வேண்டாம்." அவர் சொன்னதுதான் சரி. அரசு, ராணுவ, துணை ராணுவ இறுதி மரியாதைகளில் மட்டுமே கொடியைப் போர்த்தலாம். அப்படிப் போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. கொடியை மடித்து வைத்துவிட்டு, பூஜை அறையிலிருந்து ஒரு சிறு தலையணையை எடுத்து அதன் மேல் அவருடைய பெரேயையும் (ராணுவத் தொப்பி) பதக்கங்களையும் வைத்தோம். பதக்கங்கள் கறுத்திருந்தன. அவருடைய மகள் புடவைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள்.

4. இடம்

அமெரிக்காவின் ஆர்லிங்டன் மாதிரி, ஓய்வுபெற்றவர்களை அடக்கம் செய்யும் தேசியக் கல்லறைத் தோட்டம் நமக்குக் கிடையாது. நந்தம்பாக்கத்தில் இருக்கிறதே என்பார்கள். அது இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிப்பது. அங்கே நமக்கு இடமில்லை. எனவே கிறிஸ்தவ நண்பர் என்றால் முதலில் அவருடைய பங்குச் சபையிடம் பேசுங்கள். பழைய குடும்பக் கல்லறை இருந்தால் அதன் ரசீது எங்கே என்று முதலாம் எண் தாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். தகனம் என்றால் மாநகராட்சி மயானத்தில் நேரம் வாங்கிவிட்டு, அதன்பிறகு ராணுவத் தரப்புக்கு நேரம் சொல்லுங்கள். தலைகீழாகச் செய்தால் ராணுவ வண்டி முன்னதாகவே வந்து காத்து நிற்கும்.

5. ஓய்வூதியம்

ஒரே ஒரு எச்சரிக்கை. இறந்த பிறகு கணக்கில் ஏறும் ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.-மில் எடுக்க வேண்டாம், பிறகு திருப்பிக் கேட்பார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு ஸ்பர்ஷ் என்னும் பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்தில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். தடுமாறினால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூடவே போங்கள்.

6. நினைவுக் குறிப்பு

'பாரதத் தாயின் வீரமகன்' என்று தொடங்கினால் யாருக்கும் அவர் முகம் ஞாபகம் வராது. கோர்ஸ் எண், கம்பெனி (அகாடமியில் அவர் இருந்த பிரிவு), யூனிட், எங்கெல்லாம் பணி என்று நான்கு வரி. அப்புறம் அவர் மட்டுமே செய்திருக்கக்கூடிய ஒரு காரியம். எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், குரல் பதிவு கேளுங்கள். எங்களுக்கு வந்த ஒன்பது பதிவுகளில் ஆறில் ஒரே சம்பவம்: நீள ஓட்டத்தில் பின்தங்கியவனின் ரைஃபிளையும் தன் தோளில் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஓடியது. அதையே எழுதினோம். வீட்டாருக்கு அந்தக் கதை அதுவரை தெரியாது.

போரில் இறந்தவர் என்றால் டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கும். 2019 பிப்ரவரி 25-ல் திறந்தார்கள், 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். வீட்டாரை ஒருமுறை அழைத்துப் போங்கள். பரங்கிமலை அணிவகுப்புத் திடலுக்கே, 1987-ல் இலங்கையில் இறந்த மேஜர் பரமேஸ்வரனின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளிவிழாவுக்கு அகாடமி போனால் இறந்த கோர்ஸ்மேட்களின் பட்டியலை நாங்கள் வாசிப்பதும் அங்கே நின்றுதான்.

என் தாளையும் போன மாதம் நிரப்பிவிட்டேன். கடைசி வரி: பியூகிள் வாசிப்பவர் கிடைக்காவிட்டால், தயவுசெய்து லாஸ்ட் போஸ்ட்டை யாரும் செல்போனில் போட வேண்டாம். நடுவில் விளம்பரம் வரும்.