புஜங்காசனம்: கையால் எழும்பாதீர்கள்

ஜூன் 21 யோகா தினம் முடிந்ததும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் புதுப் பாய்கள் முளைத்துவிடும். காலை 7.30 வரை அங்கே வண்டி வராது என்பதால் காந்தி சிலையைச் சுற்றி ஆளுக்கு ஓரிடம் பிடித்துக்கொள்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பது போல நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்துக்கு வந்தால், நாங்கள் கற்ற காலத்துத் தப்புகள் அப்படியே திரும்பி வருகின்றன. சாப்பிட்ட உடனே செய்யாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கையை ஊன்றி எழும்புவது

குப்புறப் படுத்ததும் உள்ளங்கையால் தரையைத் தள்ளி, முழங்கையை விறைப்பாக நீட்டி, தண்டால் எடுப்பது போல எழுந்துவிடுகிறார்கள். படத்தில் அழகாகத் தெரிகிறது. ஆனால் எந்த முதுகுத் தசைக்கு பலம் வர வேண்டுமோ, அது சும்மா கிடக்கிறது.

மார்புக்குப் பின்னால் உள்ள 12 முள்ளெலும்புகளோடு விலா எலும்புகள் சேர்ந்திருப்பதால் அந்தப் பகுதி பின்பக்கம் அதிகம் வளையாது. இடுப்புப் பகுதியின் 5 எலும்புகள் சுலபமாக வளையும். கை தள்ளத் தள்ள, வளைவின் சுமை பெரும்பாலும் அந்த ஐந்தின் மேல்தான் விழுகிறது. அங்கேதான் சுருக்கென்று பிடிக்கும்.

என்னிடம் வந்த தம்பி ஒருவருக்கு ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்ட் போடவே முடியவில்லை. “கை நேரா நிக்கணும்னு வீடியோல சொன்னாங்க மாஸ்டர்” என்றார். கையை முழுக்க நீட்டிச் செய்யும் முறையும் உண்டு, ஆனால் அது முதுகு பழகியவர்களுக்கு. இதைவிட எரிச்சல், பக்கத்தில் நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று தோளைப் பிடித்து இழுப்பவர்களைப் பார்த்தால்தான். தயவுசெய்து யாரையும் அப்படி இழுக்காதீர்கள்.

சரி, எப்படிச் செய்வது? நெற்றி தரையில். உள்ளங்கைகள் மார்புக்குப் பக்கத்தில், முழங்கைகள் உடம்பை ஒட்டி. பாதத்தின் மேல்பக்கத்தால் தரையை அழுத்துங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே நெஞ்சை முன்னால் நகர்த்தி மெல்ல எழும்புங்கள். அப்புறம் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பாருங்கள். நெஞ்சு எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவும் கை கொடுத்த உயரம். இறங்காமல் நிற்கிற இடம்தான் இன்றைக்கு உங்கள் முதுகின் உயரம். பலருக்கு அது ஒரு சாண்கூட இருக்காது, அதுவே போதும். கால் பெருவிரலிலிருந்து தொப்புள் வரை தரையில் படிந்திருக்க வேண்டும் என்றுதான் பழைய யோக நூலான கேரண்ட சம்ஹிதையும் சொல்கிறது. ஆரம்பத்திலேயே கையை நீட்டினால் தொப்புள் எங்கே தரையில் நிற்கும்?

கழுத்தைப் பின்னால் முறிப்பது

பார்வை இரண்டடி முன்னால் தரையில் இருக்கட்டும். தோள் காதைத் தொட வேண்டாம்.

மணலில் செய்வது

கடலூர் சில்வர் பீச் ஆனாலும் வேண்டாம். உள்ளங்கை புதைந்து மணிக்கட்டு வலிக்கும்.

தொப்பைக்காகச் செய்வது

இதனால் மட்டும் கரையாது. நாள் முழுக்க போன் மேலும் கம்ப்யூட்டர் மேலும் கவிழ்ந்திருப்பவர்களுக்கு நெஞ்சு விரியும், முதுகெலும்பை ஒட்டிய தசைகள் பலப்படும். தினமும் மூன்று முறை, ஒவ்வொன்றிலும் நான்கைந்து மூச்சு நின்று, இறங்கியதும் ஓய்வு எடுங்கள்.

எல்லாரும் செய்யலாம் என்று நினைப்பது

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் செய்யக் கூடாது. இடுப்பிலிருந்து காலுக்கு வலியோ மரமரப்போ இறங்கினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.