தடுப்பு அணியை எடைபோட யார்டா, புள்ளியா?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு தடுப்பு அணியை (எதிரணியிடம் பந்து இருக்கும்போது களமிறங்கும் பிரிவு), அது விட்டுக்கொடுத்த யார்டுகளை, அதாவது எதிரணியை முன்னேற விட்ட தூரத்தை, மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். எதிரணி தனது 10 யார்டு கோட்டில் (தன் கோல் கோட்டிலிருந்து 10 யார்டு தள்ளி) தொடங்கி, 75 யார்டு முன்னேறி, அங்கே தடுக்கப்பட்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைப்பது) அடித்தால் அதற்குக் கிடைப்பவை 3 புள்ளிகள்தான். நம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) வீசிய பந்தை நமது 15 யார்டு கோட்டில் அது பறித்துக்கொண்டாலோ, வெறும் 15 யார்டில், ஒரு டச்டவுனும் (பந்தைக் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்வது) அதையடுத்த உதையும் சேர்த்து 7 புள்ளிகள் போய்விடும். 2011இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் தடுப்பு அணி, விட்டுக்கொடுத்த யார்டுகளின் கணக்கில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் 32 அணிகளில் 31ஆவதாக இருந்தது. புள்ளிக் கணக்கிலோ, 342 புள்ளிகளை விட்டுக்கொடுத்து 15ஆவது. அந்த அணிதான் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை சென்றது.

புள்ளிக் கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு. நம் தாக்குதல் அணி பறிகொடுத்த பந்தை எதிரணி அப்படியே ஓடிச் சென்று டச்டவுன் ஆக்கினாலும், அப்போது களத்திலேயே இல்லாத தடுப்பு அணியின் கணக்கில்தான் பெரும்பாலான பட்டியல்கள் அதையும் சேர்க்கின்றன. இது நியாயமே அல்ல. ஆகவே அத்தகைய புள்ளிகளை முதலில் கழித்துவிட்டு, மீதியை எதிரணி தொடுத்த தாக்குதல் தொடர்களின் (பந்து கையில் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு தொடர்) எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தொடரும் எந்தக் கோட்டில் தொடங்கியது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.