டேட்டாபேஸ் கற்கத் தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் டேட்டாபேஸ் கற்க நினைத்தால், முதலில் விசாரிப்பது பெங்களூருவில் எந்த கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ் என்றுதான். அதற்கு அவசரமே இல்லை. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். மைஎஸ்க்யூஎல்லிலும் இலவசப் பதிப்பு இருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பே போதும். மூன்றில் எது நல்லது என்று வீடியோ பார்த்தே ஒரு மாதத்தை ஓட்டிவிடாதீர்கள். எஸ்க்யூலைட்டுக்கு சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். அதில் தொடங்கலாம். 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் முன்வைத்த, தகவலை டேபிள்களாக வைக்கும் முறைதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒன்றில் தெளிவாகக் கற்றால் மற்றதற்கு மாறுவது பெரிய வேலை இல்லை.

அடுத்து, புத்தகத்தில் இருக்கும் எம்ப்ளாயி, டிபார்ட்மென்ட் உதாரணத்தையே திரும்பத் திரும்ப அடித்துப் பழகுவது. கட்டளை மனப்பாடம் ஆகும், யோசிக்க வராது. உங்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றை எடுங்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி இருக்கிறது, ராயக்கோட்டையில் தக்காளி மார்க்கெட் இருக்கிறது. மண்டிக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் கிடைத்தால் போதும், பல வாரங்களுக்குப் பாடம் இருக்கிறது.

அந்த நோட்டை டேபிளாக மாற்றும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. எக்செல் பழக்கத்தில் தேதி, விவசாயி பெயர், போன், ஊர், மாவட்டம், ரகம், எடை, விலை எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டுவிடுகிறார்கள். ஒரு விவசாயி சீசனில் முப்பது லோடு கொண்டுவந்தால் அவர் போன் நம்பர் முப்பது தடவை பதிவாகும். நம்பர் மாறினால் முப்பது இடத்திலும் திருத்த வேண்டும். இரண்டு விட்டுப்போனாலும் எது சரி என்று யாருக்கும் தெரியாது. ரகத்தைப் பாருங்கள். ஒருவர் பெங்களூரா என்பார், இன்னொருவர் கிளிமூக்கு என்பார், பில்லில் தோத்தாபுரி என்று இருக்கும். மூன்றும் ஒரே காய். ரகம் வாரியாக எடையைக் கூட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் மூன்று ரகமாகத்தான் காட்டும்.

மாவட்டத்தின் கதை இன்னும் தெளிவானது. 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஒவ்வொரு வரியிலும் மாவட்டப் பெயரை எழுதி வைத்திருந்தால், ஓசூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டை ஆட்களின் வரி ஒவ்வொன்றையும் தேடித் திருத்தியிருக்க வேண்டும். வட்டங்களுக்கு ஒரு டேபிள் வைத்து, எந்த வட்டம் எந்த மாவட்டம் என்று அங்கே மட்டும் எழுதியிருந்தால் சில வரிகளோடு வேலை முடிந்திருக்கும். விவசாயி, ரகம், வட்டம், லோடு என நான்கு கட்டம் பேப்பரில் வரைந்து, எது எதோடு சேர்கிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும்.

ஒரு வரியை மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம்தான் ப்ரைமரி கீ. பெயரை ப்ரைமரி கீ ஆக்காதீர்கள். ஒரே ஊரில் நான்கு முருகன் இருப்பார்கள். போன் நம்பரும் ஆகாது. அப்பாவும் மகனும் ஒரே நம்பரைக் கொடுப்பார்கள். தனியாக ஒரு வரிசை எண் கொடுங்கள். எஸ்க்யூலைட்டில் இன்னொன்று கவனிக்க வேண்டும்: ஒரு டேபிளின் வரியை இன்னொரு டேபிளின் வரியோடு கோர்க்கும் ஃபாரின் கீ எழுதினாலும், அதைச் சரிபார்க்கும் வசதி சாதாரணமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு தடவை டேட்டாபேஸோடு இணைக்கும்போதும் அதை ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இல்லாத விவசாயியின் பெயரில் லோடு பதிவாகும்.

போன் நம்பரை எண்ணாக வைப்பதும் வேண்டாம். கிருஷ்ணகிரியின் எஸ்டிடி கோடு 04343. எண்ணாகப் போட்டால் முன்னால் இருக்கும் சைபர் போய்விடும். மைஎஸ்க்யூஎல்லின் சாதாரண இன்ட் (முழு எண் வகை) 2147483647 வரைதான் தாங்கும், அதில் நம் பத்து இலக்க செல் நம்பர் அடங்காது. எழுத்தாக வையுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் சேமிப்பவர்கள் நீளத்தையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி என்பது நமக்கு ஆறு எழுத்து. கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் டேட்டாபேஸுக்கு 11. மைஎஸ்க்யூஎல்லிலோ போஸ்ட்கிரெஸிலோ பத்து எழுத்து என்று வரையறுத்த இடத்தில் அது நுழையாது.

விலை இன்னும் பேசி முடிக்காத லோடுக்கு சைபர் போடுவது எல்லாரும் செய்வது. மூன்று லோடில் ஒன்றுக்கு 20 ரூபாய், இன்னொன்றுக்கு 22, மூன்றாவதுக்கு விலை முடியவில்லை. நல் (NULL, மதிப்பு இன்னும் இல்லை) என்று விட்டால் சராசரி 21 வரும். சைபர் போட்டால் 14. விவசாயிக்கு அந்த ஏழு ரூபாய் சின்ன விஷயம் இல்லை. நல் இருக்கும் வரிகளைத் தேடும்போது சமக்குறி போட்டால் ஒன்றும் கிடைக்காது, இஸ் நல் என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு லோடின் விலையைத் திருத்தப் போய், அப்டேட் கட்டளையில் எந்த வரி என்று சொல்லும் வேர் (WHERE) எழுத மறந்தால் சீசன் முழுக்க அதே விலை ஆகிவிடும். டெலீட்டிலும் அதே ஆபத்துதான். முதலில் அதே வேர் நிபந்தனையோடு செலக்ட் கொடுத்து எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். ஒன்று வர வேண்டிய இடத்தில் நானூறு வந்தால் அங்கேயே நின்றுவிடலாம். அப்புறம் பிகின் போட்டு ஆரம்பித்து, அப்டேட் செய்து, மறுபடி பார்த்து, சரி என்றால் கமிட் போட்டு உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் ரோல்பேக் போட்டுப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். பழகும் காலத்திலேயே இதைக் கை தானாகச் செய்ய வேண்டும்.

இரண்டு டேபிளைச் சேர்த்துப் பார்க்கும் ஜாயின் வந்ததும் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். அதற்கும் மண்டிக் கணக்கே போதும். இந்த சீசனில் ஒரு லோடுகூடக் கொண்டுவராத விவசாயிகள் யார் என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண ஜாயினில் அவர்கள் பெயரே வராது, லோடு இல்லாத விவசாயியையும் காட்டும் லெஃப்ட் ஜாயின் வேண்டும்.