ஆகஸ்ட் சரி, எந்த ஆற்றங்கரை? சஃபாரிப் பருவத்தைத் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு குடும்பம் தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தது. தான்சானியா, ஆகஸ்ட் இரண்டாம் வாரம், செரெங்கெட்டியில் மூன்று இரவுகள். மூன்றுமே பூங்காவின் நடுப்பகுதியான செரொனேராவில். "கூட்டம் கூட்டமாக விலங்குகள் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை" என்று மகன் எழுதியிருந்தார். காட்டுயிர்ப் படம் எடுக்கத் தொடங்கிய புதிதில் நான் போட்ட திட்டமும் இதுதான். இரவுகளின் எண்ணிக்கைகூட மாறவில்லை. படித்ததும் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

விசா, தடுப்பூசி, கேமரா பேட்டரி பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பருவத்தைத் தேர்வதில் பணத்தையும் நாட்களையும் விழுங்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மாதத்தைப் பிடித்துக்கொண்டு இடத்தை விட்டுவிடுவது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வலசை என்பது ஆகஸ்டில் நடக்கும் திருவிழா இல்லை. மாடு போலத் தோன்றும் பெரிய மான் இனமான வைல்டுபீஸ்டுகள் 13 லட்சத்துக்கும் மேலும், லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் ஆண்டு முழுவதும் சுற்றிவரும் பாதை அது. மழை எங்கே பெய்கிறதோ அங்கே புல், புல் எங்கேயோ அங்கே மந்தை. செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். "செரெங்கெட்டியில் தங்குகிறோம்" என்று சொல்வதால் எதுவுமே தெரியாது.

டிசம்பர் முதல் மார்ச் வரை மந்தைகள் தெற்கே, நுடுட்டு ஏரியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் சமவெளியில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண் என்பதால் அந்தப் புல்லில் சத்து அதிகம். கன்று ஈனுவதும் அங்கேதான். ஏப்ரல், மே மாதங்களில் நடுப்பகுதி வழியாக மேற்கும் வடக்குமாக நகரும். ஜூன் வாக்கில் ஒரு பகுதி க்ருமெட்டி ஆற்றை எட்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றின் இரு கரைகளிலும், தான்சானியாவின் கோகடெண்டேயிலும் கென்யாவின் மாசாய் மாராவிலுமாக இருக்கும். நவம்பர் மழை தொடங்கியதும் மறுபடி தெற்கு நோக்கி நடக்கும். மழை முந்தினாலும் பிந்தினாலும் இந்தக் கணக்கு சில வாரங்கள் தள்ளிப்போகும்.

நான் போன அந்த ஆகஸ்டில் செரொனேராவில் சிங்கம் பார்த்தேன், மரக்கிளையில் சிறுத்தை பார்த்தேன், ஒட்டகச்சிவிங்கிகள் பார்த்தேன். அவை ஆண்டு முழுவதும் அங்கே வாழ்பவை. இரண்டாம் நாள் மாலை ஓட்டுநரிடம், "மந்தை எப்போது வரும்?" என்று கேட்டேன். அவர் வடக்கே கை நீட்டி, "இப்போது எல்லாம் மாரா ஆற்றில் இருக்கின்றன" என்றார். மேடு பள்ளமான மண் சாலையில் அங்கே போகவே பகலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். விடுதிக் கட்டணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, திரும்பக் கிடைக்காது. நான்கு ஆண்டுச் சேமிப்பு. மூன்றாம் நாள் காலி வெளியைப் பார்த்தபடி வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

பயணத்தை விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. செரெங்கெட்டி உண்மை. ஆகஸ்ட் உண்மை. ஆகஸ்டில் ஆற்றைக் கடக்கும் என்பதும் உண்மை. நான் தங்கப்போகும் இடத்துக்கும் அந்த ஆற்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு வரும் திட்டங்களில் பாதிக்கு மேல் இந்த ஓட்டை இருக்கிறது.

ஆகவே "வலசை பார்க்கலாமா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்கள். முகாமின் பெயரைக் கேளுங்கள். அங்கிருந்து மாரா ஆற்றுக்கு வண்டியில் எவ்வளவு நேரம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு முகாம் கேளுங்கள்.

சரியான கரைக்குப் போய்விட்டாலும் ஓர் இரவு போதாது. மந்தை கரைக்கு வரும், முண்டியடிக்கும், தண்ணீரை முகரும், திடீரென்று திரும்பிப் போய்விடும். முதலை அசைந்தாலும் திரும்பும், அவசரப்பட்ட வண்டி ஒன்று குறுக்கே போனாலும் திரும்பும். இரண்டாம் முறை கோகடெண்டேயில் நான் நான்கு இரவுகள் தங்கினேன். இரண்டு நாள் காத்திருப்பிலேயே போயிற்று. மூன்றாம் நாள் பிற்பகலில் முதல் வரிக்குதிரை இறங்கியது. அதன் பின்னால் கரையே சரிந்து ஆற்றில் விழுவதுபோல வைல்டுபீஸ்டுகள் குதித்தன. அந்த அரை மணி நேரத்தில் கேமராவைச் சில நிமிடங்கள் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடை விடுமுறைக்குக் கென்யா, தான்சானியா

நம் பிள்ளைகளின் விடுமுறை ஏப்ரல், மே. கிழக்கு ஆப்பிரிக்காவில் 'மசிக்கா' என்னும் நெடுமழை கொட்டுவது மார்ச் முதல் மே வரை. மாராவின் பல பகுதிகளில் இருப்பது நம் கோவில்பட்டிப் பக்கம் போன்ற கரிசல் மண். நனைந்தால் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். முகாம்கள் சில மூடியே கிடக்கும். அந்த மாதங்களில் விலை குறைவதற்குக் காரணம் இதுதான்.

மே மாதம்தான் முடியும் என்றால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே கோடை மழை முடிந்து வறட்சிக் காலம் தொடங்கும் நேரம் அது. புதர் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், ஆகஸ்டு, செப்டம்பர் அளவுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் தார்ச் சாலைகள் இருக்கின்றன, சொந்தமாக வண்டி ஓட்டலாம், குழந்தைகளோடு போக ஏற்ற இடம்.

ஒகவாங்கோவுக்கு உள்ளூர் மழையைப் பார்த்து நாள் குறிப்பது

இந்தத் தவறு நம்மவர்களுக்கு வரவே கூடாது. குடகில் பெய்யும் மழை காவிரியாகி, வெயில் காயும் தஞ்சைக்கு ஆடியில் வந்து சேர்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவும் அப்படித்தான். அங்கோலாவின் மேட்டு நிலங்களில் நவம்பர் தொடங்கிப் பெய்யும் மழை மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, டெல்டாவில் ஒரு துளி மழையும் இல்லாத ஜூன் முதல் ஆகஸ்டு வரையான காலத்தில் நிறைகிறது. 'மொகோரோ' என்னும் ஒடுக்கமான படகில் நாணல்களுக்கிடையே போக விரும்பினால் அதுதான் காலம். "மழைக்காலத்தில் தண்ணீர் நிறைய இருக்கும்" என்று நினைத்து ஜனவரியில் போனவர்களை எனக்குத் தெரியும். மேலே மழை, கீழே படகு போகப் போதிய நீரில்லாத வாய்க்கால்.

மழை என்றாலே ஒதுக்குவது

வறண்ட காலத்தில் விலங்குகள் நீர்நிலைகளில் கூடும், புல் குட்டையாக இருக்கும், பார்ப்பது எளிது. நமீபியாவின் எடோஷா பூங்காவுக்கு இது முற்றிலும் பொருந்தும். போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி காப்பகத்துக்குப் பொருந்தாது. ஜனவரி முதல் மார்ச் வரை மழையில் பச்சை பிடித்த பள்ளங்களில்தான் அங்கே மான்கள் கூடுகின்றன, அவற்றைத் தேடிச் சிங்கமும் சிவிங்கிப்புலியும் வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த மாதமும் பிப்ரவரிதான், நுடுட்டுவில். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்று தாயின் பின்னால் ஓடுவதை அருகிலிருந்து பார்க்கலாம். ஆறு கடப்பதைப் பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அக்டோபர் வெயில்

சாம்பியாவின் தெற்கு லுவாங்வா, ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் ஆகிய பூங்காக்கள் இரண்டிலும் அக்டோபரில் விலங்குகள் ஆற்றோரம் குவியும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வயதானவர்களை அழைத்துப்போவதானால் ஆகஸ்டு.

விக்டோரியா அருவியை அதே பயணத்தில் சேர்ப்பது

அக்டோபர், நவம்பரில் அருவியின் சாம்பியா பக்கம் நீர் வற்றிப் பெரும்பாலும் பாறைதான்.

ஜூலைக் குளிர்

திறந்த ஜீப், விடியற்காலை, க்ரூகர். கம்பளி உடை எடுத்துப் போங்கள்.

அந்தக் குடும்பத்தின் திட்டம் இப்போது மாறியிருக்கிறது. செரொனேராவில் ஓர் இரவு, கோகடெண்டேயில் ஆற்றுக்கு அருகே மூன்று இரவுகள். அம்மாவுக்கு முதுகுவலி இருப்பதால் வடக்கே போவது சிறு விமானத்தில். செலவு சற்றுக் கூடியது, அதற்காகத் திட்டத்தின் கடைசியில் இருந்த கடற்கரை விடுதியை நீக்கிவிட்டார்கள்.