மொறிஸ் மைனரா, நிசான் சன்னியா: வாங்க முதல் கீழே படுத்துப் பாருங்கள்

கிட்டத்தட்ட ஒரே விலைக்கு ஒரு பழைய மொறிஸ் மைனரும் 80களின் நிசான் சன்னி பி11 காரும் நிற்கின்றன, எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பெயின்ரைப் பார்த்து மயங்காமல் ஒரு சாக்கை விரித்துக் கீழே படுங்கள். ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தைப் பார்க்காதீர்கள்.

மொறிஸில் முதலில் முன் சில்லு. அதைத் தாங்கித் திருப்புகிற மரைப்பூட்டுக்குக் கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சில்லு அப்படியே மடங்கிவிடும். அப்பா எங்கள் மொறிஸுக்கு மழையென்றாலும் கிறீஸ் கன்னோடு படுத்துவிடுவார், அது பயத்தில்தான். ஜாக் வைத்துத் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கிறீஸ் ஏற்றுகிற நிப்பிளைச் சுற்றி ஈரக் கிறீஸ் என்றால் சரி, காய்ந்த செம்மண் அப்பியிருந்தால் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் தரைத்தகட்டையும் பின் ஸ்பிறிங் பூட்டிய இடத்தையும் ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள், முல்லைத்தீவுக் கரையில் ஓடிய வண்டியென்றால் இன்னும் அழுத்தி.

சன்னி முன்சில்லு இழுவை, எஞ்சின் முன் சில்லுகளைத்தான் சுழற்றும். ஸ்ரியறிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், டக் டக் என்றால் அந்தச் சில்லுகளைச் சுழற்றுகிற ஜொயின்ற் போய்விட்டது. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். அது அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயேதான்.

இரண்டுக்கும் பொதுவானது மண்ணெண்ணெய். போரால் பெற்றோல் வராத 90களின் தடைக்காலத்தில் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் வன்னியில் நிறைய. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், உள்ளே தேயும். எஞ்சின் சூடேறியதும் ஒயில் மூடியைக் கழற்றுங்கள், புகை குபுகுபுவென்று வந்தால் எஞ்சின் வேலை இருக்கிறது.

சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். 2009இல் போர் முடிந்த பிறகு கைவிடப்பட்டு வெயிலில் கிடந்த வண்டிகளின் துண்டுகளைச் சேர்த்து நிமிர்த்திய வண்டியும் கைக்கு வரலாம்.

கடைசியில், நடுமத்தியானம், நாலு பேரை ஏற்றி, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை இரண்டையும் ஓட்டுங்கள். மாடு குறுக்கே வந்தால் சன்னியின் முன் டிஸ்க் பிறேக் பிடிக்கும், மொறிஸுக்கு நாலிலும் டிறம், தூரத்திலேயே மிதிக்க வேண்டும். பிள்ளைகளோடு தினமும் ஓடுகிறவர் சன்னியை எடுங்கள். மொறிஸ்தான் வேண்டுமென்றால் கிறீஸ் கன்னையும் சேர்த்து வாங்குங்கள்.