ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறப் போகிறீர்களா? 'ஆல் யூனிட்ஸ்' பட்டன் பக்கம் போகாதீர்கள்

சம்பளக் கணக்கு திறக்கப் போனவனை வங்கியில் உட்கார வைத்து, "மாசம் அஞ்சாயிரம் போடுங்க சார், உங்களுக்கு ஒரு பைசா சார்ஜ் கிடையாது" என்று கையெழுத்து வாங்கினார்கள். அப்படி ஆரம்பித்த மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு தொகை போடும் முறை) நாலு வருடம் ஓடியது. அவர்கள் சொன்னது பொய்யில்லை. என் கணக்கிலிருந்து தனியாக எதையும் எடுக்கவில்லை, முகவரான வங்கியின் கமிஷன் ஃபண்டின் என்ஏவியிலேயே (ஒரு யூனிட்டின் விலை) தினமும் கழிந்துகொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயிலில் வரும் மொத்தக் கணக்கு அறிக்கையில் முகவருக்குப் போன கமிஷனை ரூபாயிலேயே போட்டிருப்பார்கள். அதை ஒருநாள் திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது.

என்னுடையது முகவர் வழி வரும் ரெகுலர் பிளான். 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் முகவர் இல்லாத டைரக்ட் பிளானும் இருக்க வேண்டும் என்பது சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. அதே பங்குகள், அதே மேனேஜர், கமிஷன் மட்டும் இல்லை. வித்தியாசம் ஃபண்டுக்கு ஃபண்ட் மாறும். ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாதம் 10,000 வீதம் 20 வருடம் போட்டால், 12 சதவீதத்தில் சுமார் 99.9 லட்சம், 11 சதவீதத்தில் சுமார் 87.4 லட்சம். உங்கள் முகவர் சந்தை விழும்போது ஃபோன் செய்து உங்களை விற்க விடாமல் பிடித்து நிறுத்துகிறவர் என்றால் அந்தக் காசு தகும். என் முகவர் டார்கெட் மாதத்தில் மட்டும் கூப்பிடுவார்.

படி 1: காஸ் என்ற மொத்தக் கணக்கு அறிக்கை எடுங்கள். ஃபண்டுகளின் கணக்கு வழக்கைப் பார்க்கும் கேம்ஸ் நிறுவனத்தின் தளத்தில் கேட்டால், அதே வேலை செய்யும் கேஃபின்டெக் பக்கம் இருக்கும் ஃபண்டுகளும் சேர்ந்தே வரும். 'டீடெயில்ட்' என்பதையும், தேதியில் நீங்கள் முதலீடு தொடங்கிய நாளையும் தேர்ந்தெடுங்கள். சுருக்க அறிக்கை இந்த வேலைக்கு உதவாது. வெற்று அறிக்கை வந்தால் பதற வேண்டாம், ஃபோலியோவில் (ஃபண்டில் உங்கள் கணக்கு) வேறு மெயில் முகவரி பதிவாகியிருக்கும்.

படி 2: ஃபண்ட் பெயரில் 'ரெகுலர்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆலோசகர் என்ற இடத்தில் ஏஆர்என் எண் (முகவரின் பதிவு எண்) இருந்தால் அது முகவர் வழி வந்தது.

படி 3: ரெகுலர் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு, அதே ஃபண்டில் டைரக்ட் எஸ்ஐபி தொடங்குங்கள். யூனிட்டுகளை மாற்றினால் எஸ்ஐபியும் தானாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். அது பழைய பிளானிலேயே போய்க்கொண்டிருக்கும். அடுத்த தவணைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். கணக்கைக் காலி செய்து வைத்தால் எஸ்ஐபி தானே நின்றுவிடும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நிற்கும்தான், அதற்குள் ஒவ்வொரு தவணைக்கும் வங்கி அபராதம் பிடித்துவிடும்.

இதற்கெல்லாம் நான் ஃபண்ட் நிறுவனத்தின் சொந்தத் தளத்தையோ எல்லா ஃபண்டுக்கும் பொதுவான எம்எஃப் சென்ட்ரல் தளத்தையோதான் பயன்படுத்துகிறேன். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கடன் வாங்கு, ஆப்ஷன் டிரேட் பண்ணு என்று நோட்டிஃபிகேஷன் வராது.

படி 4: பழைய யூனிட்டுகள். நான் வழுக்கி விழுந்த இடம் இது.

ஸ்விட்ச் (ஒரு பிளானிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்) படிவத்தில் தொகை, யூனிட், ஆல் யூனிட்ஸ் என்று மூன்று வழி இருக்கும். நான் மூன்றாவதை அமுக்கினேன். ஒரே ஃபண்டுக்குள்தானே மாறுகிறோம் என்ற நினைப்பு. வருமான வரிக் கணக்கில் அது விற்று வாங்கியது போலத்தான். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் வயது தனி. முப்பத்தாறு தவணைகள் ஒரு வருடம் தாண்டியிருந்தன, கடைசிப் பன்னிரண்டு தாண்டவில்லை. அந்தப் பன்னிரண்டில் போட்டது 60,000, அன்றைய மதிப்பு சுமார் 64,000. எக்சிட் லோட் (ஒரு வருடத்துக்குள் வெளியேறுவதற்கான கட்டணம்) 1 சதவீதம், 640 ரூபாய். மீதி லாபத்துக்குக் குறுகிய கால வரி 20 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 700 ரூபாய் பக்கம். காசு போனதைக்கூட விடுங்கள். அந்தக் குறுகிய கால லாபத்தால் எளிய ஐடிஆர்-1 வரிப் படிவம் போய் நீளமான ஐடிஆர்-2 நிரப்ப வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

சரியான வழி: காஸைப் பார்த்து, வாங்கி ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளை மட்டும் எக்செல்லில் கூட்டுங்கள். பத்து நாள் கூடுதலாகவே விட்டுவிடுங்கள். வந்த எண்ணிக்கையை 'யூனிட்' கட்டத்தில் போடுங்கள். முதலில் வாங்கியதுதான் முதலில் போகும் என்பதால் புதிய யூனிட்டுகள் தொடப்படாது. அவற்றை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம்.

பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்டில் நீண்ட கால லாபம் (ஒரு வருடம் தாண்டியது) ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். உங்கள் லாபம் 2 லட்சம் என்றால், பாதியை மார்ச் நடுவிலும் மீதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் மாற்றுங்கள். ஒரே வருடத்தில் மாற்றினால் 75,000க்கு செஸ் இல்லாமலே 9,375 ரூபாய் வரி வரும், பிரித்தால் அதுவும் இல்லை. வேறு பங்கோ ஃபண்டோ அதே வருடம் விற்றிருந்தால் அந்த நீண்ட கால லாபமும் இந்த 1.25 லட்சத்துக்குள்தான் வரும். மார்ச் 31 வரை இழுக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: "மாற்றியதும் யூனிட் குறைந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்களா?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். டைரக்டின் என்ஏவி அதிகம், அதனால் எண்ணிக்கை குறையும். என்ஏவி 100ல் 500 யூனிட் வைத்திருந்தவருக்கு 110ல் 454.5 யூனிட் கிடைக்கும். இரண்டும் 50,000தான். முத்திரைத்தாள் கட்டணம் மட்டும் கழியும், லட்சத்துக்கு 5 ரூபாய்.

பின்சேர்க்கை 2: வரி சேமிப்புக்கான இஎல்எஸ்எஸ் ஃபண்டில் ஒவ்வொரு தவணைக்கும் மூன்று வருடப் பூட்டு. பூட்டு திறந்தவற்றை மட்டும்தான் மாற்ற முடியும். மாற்றினால் டைரக்டில் மறுபடி மூன்று வருடம் ஓட வேண்டும். அதனால் பணம் சீக்கிரம் தேவைப்படும் என்றால் பழைய யூனிட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: அப்பா 2018க்கு முன் வாங்கிய யூனிட்டுகளைப் பற்றி ஒருவர் கேட்டார். வாங்கிய விலையை மட்டும் வைத்து லாபம் கணக்கிட்டுப் பயந்துபோயிருந்தார். 2018 ஜனவரி 31 அன்று இருந்த என்ஏவி வாங்கிய விலையைவிட அதிகம் என்றால், அதையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். விற்கும் விலையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். கணக்கை மறுபடி போட்டதில் அவர் அப்பாவின் லாபம் பாதிக்குக் கீழே வந்தது.

பின்சேர்க்கை 4: டீமேட்டில் (பங்குகள் வைக்கும் மின்னணுக் கணக்கு) இருக்கும் யூனிட்டுகளை ஃபண்ட் நிறுவனத் தளத்தில் ஸ்விட்ச் செய்ய முடியாது. விற்று, பணம் வங்கிக்கு வந்தபின் டைரக்டில் வாங்கலாம். நடுவில் இரண்டு மூன்று நாள் பணம் சந்தைக்கு வெளியே இருக்கும்.