ஆயில் லைட் கோளாறு: அந்த ஒற்றை வயரைக் கழற்றிப் பாருங்கள்

தக்கலையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு டாஷ்போர்டில் ஆயில் லைட் அணையாமல் கார் வந்தால், முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத்தான் உருவுவேன். ஆயில் குறைவென்றால் ஊற்றிவிட்டுப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிகிறதா? இன்ஜினை உடனே நிறுத்துங்கள்.

பழைய கார்களில் ஆயில் பிரஷர் சுவிட்சுக்கு ஒரே வயர்தான். பிரஷர் இல்லாதபோது சுவிட்ச் அந்த வயரை எர்த்தோடு, அதாவது இன்ஜின் உலோகத்தோடு, இணைக்கும், லைட் எரியும். பிரஷர் ஏறினால் இணைப்பு விடும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, வயரைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. அணைந்தால் வயரில் குறையில்லை. சுவிட்ச் போயிருக்கலாம், அல்லது பிரஷரே இல்லாமலிருக்கலாம். சுவிட்ச் இடத்தில் பிரஷர் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்காமல் வண்டியை ஓட்டவே கூடாது.

சாவி போட்டும் லைட் எரியவே இல்லையா? எனக்கு அதிக பயம் இதில்தான், ஆபத்து வந்தாலும் தெரியாது. வயர் நுனியை இன்ஜினில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்சை மாற்றுங்கள். எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், வயர். முட்டம், குளச்சல் பக்கத்து வண்டியென்றால் உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூத்திருக்கும். முதலில் அதைச் சுரண்டுங்கள்.